தஞ்சையிலிருந்து சென்னைக்குச் சைக்கிளில்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மருத்துவச் செலவு, பள்ளிக் கட்டணம் போன்ற நல்ல காரியங்களுக்கு நிதி திரட்ட நகரங்களில் நடக்கும் சைக்கிள் ஓட்டங்களில் இப்போது வெளியூர்க்காரர்களும் பெயர் கொடுக்கிறார்கள். அவர்களில் சிலர் சொந்த ஊரிலிருந்தே மிதித்துக்கொண்டு போய்ச் சேர விரும்புகிறார்கள். அப்படி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் எங்கள் சைக்கிள் பகுதிக் குழுவினர் பதில் தருகிறார்கள்.

கேள்வி: பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழந்தைகளின் புற்றுநோய்ச் சிகிச்சைக்காகச் சென்னையில் நடக்கும் 100 கி.மீ. ஓட்டத்தில் பெயர் கொடுத்திருக்கிறேன். தஞ்சாவூரிலிருந்து சைக்கிளிலேயே போக ஆசை. எந்த வழி நல்லது? எத்தனை நாள் வேண்டும்? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: இரண்டு வழி உண்டு. ஒன்று, கும்பகோணம், அணைக்கரை, பண்ருட்டி வழியாக விக்கிரவாண்டி போய், திண்டிவனம், செங்கல்பட்டு வழியே சென்னை. தஞ்சாவூரிலிருந்து விக்கிரவாண்டி வரை சுமார் 165 கி.மீ., அதற்கு மேல் சுமார் 150. இன்னொன்று கடலோர வழி: கும்பகோணம், மயிலாடுதுறை, சிதம்பரம், கடலூர், புதுச்சேரி, மாமல்லபுரம். மொத்தம் சுமார் 330 கி.மீ. தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. எங்கள் சிபாரிசு கடலோர வழிதான். விக்கிரவாண்டியைத் தாண்டினால் திருச்சி நெடுஞ்சாலையின் முழுப் போக்குவரத்தும் உங்கள் முதுகுக்குப் பின்னால் வந்துவிடும். மேம்பாலங்களுக்குப் பக்கத்தில் சர்வீஸ் ரோடு பிரியும் இடங்களில், பின்னால் வேகமாக வரும் பஸ் இடப்பக்கம் வெட்டி இறங்கும். நேராகப் போகும் சைக்கிளுக்கு ஆபத்து அதிகம் உள்ள இடம் அதுதான்.

நான்கு நாள் வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய் காலை கிளம்பினால் வெள்ளி காலை சென்னை, சனிக்கிழமை முழு ஓய்வு, ஞாயிறு ஓட்டம்.

முதல் நாள் சிதம்பரம் வரை, சுமார் 115 கி.மீ. நான்கில் இதுதான் நீளமானது. உடம்பு புதிதாக இருக்கும்போதே முடித்துவிடுவது நல்லது. காலை 5.30-க்குக் கிளம்பினால் 8 மணிக்குக் கும்பகோணம். அதற்கு மேல் ஆடுதுறை, குத்தாலம் வழியாக மயிலாடுதுறை போகும் சாலை குறுகலானது, டவுன் பஸ் அதிகம். ஆனால் சில கிலோமீட்டருக்கு ஒரு டீக்கடையாவது பஞ்சர் கடையாவது கண்ணில் படும். மயிலாடுதுறையில் சாப்பிட்டு வெயில் தாழும் வரை படுத்துவிடுங்கள். பிற்பகல் 2.30, 3 மணிக்குக் கிளம்பி வைத்தீஸ்வரன்கோயில், சீர்காழி, கொள்ளிடம் பாலம் தாண்டி இருட்டுவதற்குள் சிதம்பரம்.

இரண்டாம் நாள் புதுச்சேரி, எழுபதுக்குள்தான். கடலூருக்கு முன்னால் சிப்காட் பகுதியில் லாரிகள் வரிசையாகத் திரும்பும். அதை மட்டும் காலையிலேயே கடந்துவிடுங்கள். மூன்றாம் நாள் புதுச்சேரியிலிருந்து மாமல்லபுரம், நூறுக்குச் சற்றுக் குறைவு. நான்காம் நாள் கோவளம், முட்டுக்காடு வழியே திருவான்மியூர் வரை சுமார் 50.

மூன்றே நாளில் முடிக்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். முடிக்கலாம். ஆனால் நீங்கள் கிளம்பியது ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கு. தினம் 110 கி.மீ. ஓட்டி, கடைசி இரவு அரைத் தூக்கத்தோடு வரிசையில் நின்றால் 60-வது கிலோமீட்டரில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். உங்களை நம்பிப் பணம் கொடுத்தவர்களுக்கு நீங்கள் சொன்ன வார்த்தை அந்த 100 கிலோமீட்டர்தான். அதற்கு முந்தைய 330-ஐ அதற்குத் தகுந்தபடி அமைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடலோரச் சாலையில் எதிர்க்காற்று கொன்றுவிடும் என்கிறார்களே, உண்மையா? (வாசகர், நெய்வேலி)

பதில்: மாதத்தைப் பொறுத்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம், அதை விட்டுவிடுங்கள். ஜனவரியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். வடக்கே போகிறவருக்கு அது நேர் எதிர். பிப்ரவரியில் காற்று கிழக்குப் பக்கம் திரும்பத் தொடங்கும், அப்போது வலது தோளில் அடிக்கும். மார்ச்சுக்கு மேல் தென்கிழக்கிலிருந்து வருவதால் முதுகில் கை வைத்துத் தள்ளும், ஆனால் வெயிலும் கூடவே வந்துவிடும்.

எந்த மாதமானாலும் விடியற்காலையில் காற்று அடங்கியிருக்கும். 10, 11 மணிக்கு மேல் கடற்காற்று கிளம்பும். மரக்காணம் உப்பளங்களின் பக்கம் சாலைக்கு இருபுறமும் வெட்டவெளி, மறைப்பே இல்லை. காலை 9 மணிக்குள் அந்த இடத்தைத் தாண்டுகிற மாதிரி புதுச்சேரியிலிருந்து 5.30-க்கே கிளம்பிவிடுங்கள். புதுச்சேரியிலிருந்து மரக்காணம் சுமார் 35 கி.மீ., ஆகவே கணக்கு சரியாக வரும்.

எதிர்க்காற்றில் பலர் செய்யும் தவறு, வழக்கமான வேகத்தை விடாமல் பிடிக்கப் பார்ப்பது. வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பு அதைவிட வேகமாகக் கூடும். மணிக்கு 20-லிருந்து 14-க்கு இறங்கினால் இறங்கட்டும். கியரைக் குறைத்து, முழங்கையை மடக்கி, உடம்பைத் தாழ்த்தி, கால் சுழலும் வேகத்தை மட்டும் ஒரே சீராக வைத்திருங்கள். எவ்வளவு தூரம் என்று பார்க்காமல் எவ்வளவு நேரம் என்று கணக்கு வைத்து ஓட்டுங்கள். வலப்பக்கக் காற்றில் இன்னொரு எச்சரிக்கை: பெரிய பஸ் ஒன்று உங்களைத் தாண்டும்போது காற்று ஒரு நொடி நின்று, பிறகு மறுபடியும் தள்ளும். அந்த நேரத்தில் சைக்கிள் அரையடி நகரும். சாலையின் ஓரக் கோட்டை ஒட்டி ஓட்டாமல், தடுமாறினாலும் தார் விளிம்பை விட்டு இறங்காத அளவுக்கு உள்ளே தள்ளி ஓட்டுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது கியர் இல்லாத சாதாரணக் கறுப்பு சைக்கிள். அதில் போக முடியுமா? (வாசகர், திருவையாறு)

பதில்: தாராளமாக. இந்த வழியில் ஏற்றம் என்று சொல்ல ஆற்றுப் பாலங்களையும் மேம்பாலங்களையும் விட்டால் எதுவும் இல்லை. முன்பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18 பல் இருந்தால், ஒரு மிதிக்கு ஏறக்குறைய 5.4 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் மணிக்குச் சுமார் 23 கி.மீ. காற்று இல்லாத காலையில் இது சரி. சுமையோடும் காற்றோடும் போகும்போது முழங்காலுக்கு வேலை அதிகம். ஃப்ரீவீலை மட்டும் 20 பல் உள்ளதாக மாற்றிக்கொள்ளுங்கள். அதே 70 சுற்றுக்குச் சுமார் 20.5 கி.மீ. வரும், முழங்கால் பிழைக்கும். பல் கூடுவதால் செயினில் இரண்டொரு கண்ணி சேர்க்க வேண்டி வரலாம். கடைக்காரரிடம் பார்த்துப் போடச் சொல்லுங்கள்.

இந்தச் சைக்கிளின் பெரிய பலம், 28 x 1½ அங்குல டியூபும் டயரும் கிராமத்துக் கடையிலும் கிடைப்பது. கியர் சைக்கிள்காரர்கள் ஓட்டும் 700 அளவுச் சக்கரத்துக்கு டியூப் வேண்டுமென்றால் வழியில் புதுச்சேரி போன்ற ஊர்களில்தான் தேட வேண்டும்.

கிளம்புவதற்கு முன் மூன்று வேலை. பெடல் கட்டையை ஆட்டிப் பார்த்து, ஆடினால் அதை நடு அச்சோடு பூட்டும் காட்டர் பின்னை மாற்றுங்கள். பிரேக் கட்டைகள் நான்கையும் புதிதாகப் போடுங்கள். நடு அச்சையும் இரு சக்கர அச்சுகளையும் கழற்றிப் புது கிரீஸ் வைத்து பால்ஸ் மாற்றுங்கள். இதைப் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே செய்து, 100 கிலோமீட்டராவது ஓட்டிப் பார்த்துவிடுங்கள். புதிதாக இறுக்கியது எல்லாமே முதல் 100 கிலோமீட்டருக்குள் கொஞ்சம் தளரும்.

கேள்வி: பஞ்சர் ஒட்டினால் அரை மணியில் மறுபடியும் காற்று இறங்கிவிடுகிறது. என்ன தவறு செய்கிறேன்? (வாசகர், சீர்காழி)

பதில்: பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஓட்டை போட்ட பொருள் டயருக்குள்ளேயே இருக்கிறது, அல்லது ஒட்டுப் பசை காயும் முன் ஒட்டிவிட்டீர்கள்.

கடலோரச் சாலை நெடுக வேலிக்கருவை. அதன் முள் டயரைத் துளைத்து உள்ளே வந்ததும் வெளிப்பக்கம் ஒடிந்துவிடும், பார்த்தால் தெரியாது. இன்னொரு எதிரி, வெடித்த லாரி டயர்களிலிருந்து சாலையோரம் சிந்திக் கிடக்கும் மயிர் போன்ற இரும்புக் கம்பி. இதுவும் கண்ணுக்குத் தெரியாது. டயரின் உட்பக்கம் முழுக்க ஒரு துண்டுப் பஞ்சை வைத்து மெதுவாகச் சுற்றித் தேயுங்கள். முள்ளோ கம்பியோ இருக்கும் இடத்தில் பஞ்சு சிக்கி இழை இழுக்கும். வெறும் விரலால் தேய்த்தால் விரல்தான் கிழியும். கிடைத்த முள்ளை உட்பக்கமிருந்து வெளியே தள்ளாதீர்கள், ஒடிந்த முனை ரப்பருக்குள் தங்கிவிடும். சிறிய இடுக்கியால் பிடித்து முழுசாக எடுங்கள். ஓட்டை டியூபில் எங்கே இருக்கிறது என்று வால்விலிருந்து அளந்துவைத்துக்கொண்டால் டயரில் தேட வேண்டிய இடமும் தெரிந்துவிடும். அதனால்தான் டயரைப் போடும்போது அதன் எழுத்து வால்வுக்கு நேராக வரும்படி எப்போதும் போடச் சொல்கிறோம்.

ஒட்டும் முறை: ஓட்டையைச் சுற்றி, ஒட்டப்போகும் ரப்பர் துண்டான ஒட்டைவிட அரை அங்குலம் அதிகமாக உப்புக்காகிதத்தால் பளபளப்புப் போகும் வரை தேயுங்கள். டியூபில் அச்சுக் கோடு ஓடினால் அதையும் தேய்த்துச் சமமாக்குங்கள், இல்லாவிட்டால் அந்தக் கோட்டின் பள்ளம் வழியாகவே காற்று கசியும். சொல்யூஷனை மெல்லியதாக ஒரே பூச்சு தடவி 5 நிமிடம் விடுங்கள். விரல் பட்டால் ஒட்டக் கூடாது, ஈரமினுக்கு முழுக்கப் போயிருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒட்டை வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள். ஈரத்தோடு ஒட்டினால் உள்ளே சிக்கிய கரைப்பான் வெயிலில் குமிழ் விட்டு ஒட்டைக் கிளப்பும். உங்கள் அரை மணி கதை அதுதான்.

ஓட்டையின் இடமே காரணத்தைச் சொல்லிவிடும். பாம்பு கடித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டையென்றால் காற்று குறைவாக வைத்துக் குழியில் இறக்கியிருக்கிறீர்கள். ரிம் பக்கம் ஓட்டையென்றால் ரிம் டேப் நகர்ந்து போக்ஸ் கம்பியின் நிப்பிள் குத்தியிருக்கிறது. வால்வின் அடியில் கிழிந்திருந்தால், காற்று போதாமல் டயரும் டியூபும் ரிம்மின் மேல் மெல்ல நகர்ந்து வால்வை இழுத்திருக்கிறது. இந்தக் கடைசிக் கிழிசலை ஒட்ட முடியாது, டியூபையே மாற்ற வேண்டும்.

700 x 35 டயர், 70 கிலோ ஆள், கேரியரில் 7 கிலோ சுமை என்றால் காற்றழுத்தம் முன்னால் 50, பின்னால் 60 பி.எஸ்.ஐ. போதும். இரண்டு மாற்று டியூப் கொண்டுபோங்கள். சாலையில் டியூபை மாற்றிவிட்டு, ஓட்டையை இரவு லாட்ஜில் உட்கார்ந்து நிதானமாக ஒட்டலாம்.

வால்வைப் பற்றி ஒரு விஷயம், வெளியூர்ப் பயணத்தில் பலரை நட்டாற்றில் விடுவது இதுதான். 28 x 1½ டியூபை அவசரத்துக்கு 700 சக்கரத்தில் போட முடியும். ஆனால் ரிம்மில் உள்ள துளை ஒல்லியான பிரெஸ்டா வால்வுக்காகத் துளைத்ததாக இருந்தால் நம் ஊர் டியூபின் தடித்த வால்வு அதில் நுழையாது. உங்கள் ரிம் எது என்று வீட்டிலேயே பாருங்கள். பிரெஸ்டா என்றால் மூன்றாவதாக ஒரு டியூபும், பெட்ரோல் பங்க் குழாய்க்குப் பொருந்தும் சிறிய பித்தளை அடாப்டரும் எடுத்துக்கொள்ளுங்கள். பங்கில் காற்று பிடிக்கும்போது விட்டு விட்டுப் பிடிக்கவும். கார் டயருக்கான அழுத்தம் சிறிய டியூபை ஒரே மூச்சில் வெடிக்க வைத்துவிடும்.

கேள்வி: சாமான்களை முதுகுப் பையில் போட்டுக்கொள்ளலாமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: வேண்டாம். முதுகில் 6 கிலோ என்றால் அந்த எடையும் சேர்ந்து சீட்டில் உட்காரும். இரண்டாம் நாள் உட்காரவே முடியாது. கேரியரின் இருபுறமும் தொங்கும் பைகளில், கனமானதை அடியில் வைத்து, இரு பக்கமும் எடை ஒத்துப்போகும்படி கட்டுங்கள். மொத்தம் 7 கிலோவைத் தாண்ட வேண்டாம்: ஓட்டும் உடை 2 செட், இரவுக்கு ஒரு லுங்கியோ நைட்டியோ, கருவிகள், மருந்து, சார்ஜர், மழைக்கு பாலிதீன் உறை.

சுமை பின்னால் ஏறும்போது உடைவது பின்சக்கரத்தின் வலப்பக்க, அதாவது செயின் பக்கத்துப் போக்ஸ் கம்பிதான். அந்தப் பக்கக் கம்பிகள் நேராக நின்று அதிக இழுவையைத் தாங்குகின்றன. சரியான நீளத்தில் 3 கம்பியை வாங்கி பிரேமோடு டேப் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். வழியில் ஒன்று உடைந்தால், உடைந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிவிட்டு, அதற்கு இருபுறமும் உள்ள இடப்பக்கக் கம்பிகளின் நிப்பிளை அரைச் சுற்று தளர்த்துங்கள். கோணல் குறையும். ரிம் இன்னும் உரசினால் பிரேக்கைக் கொஞ்சம் திறந்து, அடுத்த ஊர்க் கடை வரை மெதுவாகப் போய்விடலாம். ஒன்று உடைந்த சக்கரத்தை அப்படியே விட்டால் அடுத்த நாள் இரண்டு உடையும்.

கேள்வி: உட்காரும் இடத்தில் புண், கை மரத்துப்போதல், முழங்கால் வலி. இவற்றைத் தவிர்க்க முடியுமா? (வாசகர், காரைக்கால்)

பதில்: மூன்றுமே முக்கால்வாசி அளவுக் கோளாறு. சீட்டில் நேராக உட்கார்ந்து, கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வைத்தால் கால் முழுக்க நீள வேண்டும். அதுதான் சீட் உயரம். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்ந்திருக்கிறது அல்லது கனமான கியரில் மிதிக்கிறீர்கள். பின்பக்கம் வலித்தால் சீட் உயர்ந்திருக்கிறது. மாற்றும்போது 5 மில்லிமீட்டருக்கு மேல் ஒரே தடவையில் மாற்ற வேண்டாம். சீட் கம்பி பிரேமுக்குள் போகும் இடத்தில் டேப் ஒட்டிக் குறித்து வையுங்கள், வழியில் இறங்கினால் உடனே தெரியும்.

புண்ணுக்குக் காரணம் உராய்வும் வியர்வையும். மெத்தை வைத்த சைக்கிள் கால்சட்டைக்குள் உள்ளாடை போடக் கூடாது. உள்ளாடையின் தையல்தான் அறுக்கும். தொடையிடுக்கில் வாசலின் தடவுங்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நின்று பத்து மிதி மிதியுங்கள். ஊர் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாகக் குளித்து, அந்தக் கால்சட்டையைத் துவைத்து உலர்த்துங்கள். ஈரமானதை மறுநாள் போட்டால் கொப்புளம் நிச்சயம். கடைகளில் விற்கும் தடித்த ஜெல் சீட் உறையை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. அரை மணி சுகமாக இருக்கும், பிறகு எலும்பு அதில் அமுங்கி, ஜெல் நடுவில் எழும்பி நரம்பை அழுத்தும்.

கை மரத்தால், குறிப்பாகச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால், உள்ளங்கையின் வெளிப்பக்கம் ஓடும் நரம்பில் எடை விழுகிறது. ஹேண்டிலைச் சற்று உயர்த்துங்கள், பிடியை அடிக்கடி மாற்றுங்கள். இரவு முழுக்க மரப்பு தீரவில்லையென்றால் மறுநாள் ஓட்ட வேண்டாம்.

கேள்வி: வழியில் என்ன சாப்பிடுவது, எவ்வளவு தண்ணீர் குடிப்பது? (வாசகர், மயிலாடுதுறை)

பதில்: பசித்த பிறகு சாப்பிடுவதும் தாகம் வந்த பிறகு குடிப்பதும் இந்த வேலைக்கு ஆகாது. கிளம்பி 45 நிமிடத்திலிருந்தே தொடங்குங்கள். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. ஒரு பெரிய பச்சை வாழைப்பழமும் இரண்டு கடலைமிட்டாயும் அந்தக் கணக்குக்கு வந்துவிடும். காலைக்கு இட்லி நல்லது. நெய் மிதக்கும் பொங்கலும் வடையும் ஜீரணமாக நேரம் பிடிக்கும், குனிந்து மிதிக்கும்போது நெஞ்சுக்கு ஏறும். மதியம் அளவுச் சாப்பாடு, ரசம், மோர். பொரித்ததை ராத்திரிக்குத் தள்ளிவிடுங்கள்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர். வெறும் தண்ணீரையே 5, 6 லிட்டர் குடித்தால் வியர்வையில் போன உப்பு திரும்பி வராது. ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், தடுமாற்றம் வரும். அதை நீர்ச்சத்துக் குறைவு என்று நினைத்து இன்னும் தண்ணீர் குடிப்பார்கள், நிலைமை மோசமாகும். மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் மட்டும் கரையுங்கள். 1 லிட்டருக்கு உள்ளதை அரை லிட்டரில் போட்டால் வயிறு கெடும். பொட்டலம் இல்லையென்றால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீருக்குத் தலை தட்டிய டீஸ்பூனில் சர்க்கரை 6, உப்பு அரை. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடியுங்கள். ரத்த அழுத்தமோ சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் இந்த உப்பு, சர்க்கரைக் கணக்கை மருத்துவரிடம் கேட்டே வைத்துக்கொள்ள வேண்டும்.

கூட வருபவர் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, வழியை மறந்தாலோ, நேராக நிற்க முடியாமல் தள்ளாடினாலோ அது வெப்பத் தாக்கு. வியர்வை வந்துகொண்டிருந்தாலும் அப்படித்தான். நிழலில் படுக்க வைத்து உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். நினைவு தெளியாமல் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள்.

கேள்வி: நானும் தோழியும் போகிறோம். கழிப்பறை, தங்குமிடம், மாதவிலக்கு எல்லாவற்றையும் எப்படிச் சமாளிப்பது? (வாசகி, திருவாரூர்)

பதில்: கழிப்பறை பயத்தில் தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள், அதிலிருந்துதான் தலைசுற்றலும் நீர்க்கடுப்பும். பெட்ரோல் பங்குகள் கழிப்பறையும் குடிநீரும் காற்றும் இலவசமாகத் தர வேண்டியவை. தயங்காமல் சாவியைக் கேளுங்கள். மரக்காணத்துக்கும் கல்பாக்கத்துக்கும் இடையில் கடைகளே குறைவு, ஆகவே மரக்காணத்திலேயே ஒருமுறை நின்றுவிடுங்கள்.

சிதம்பரம், புதுச்சேரி, மாமல்லபுரம் மூன்றும் கோயிலுக்கும் சுற்றுலாவுக்கும் ஆட்கள் வரும் ஊர்கள், அறைக்குப் பஞ்சமில்லை. போன் செய்யும்போதே இரண்டு கேள்வி: சைக்கிளை உள்ளே வைக்க இடமுண்டா, காலை 5 மணிக்குக் கேட்டைத் திறப்பார்களா? தரைத்தள அறையாக வாங்குங்கள். புதுச்சேரியில் சனி, ஞாயிறில் வாடகை ஏறும், சென்னைப் பக்கத்துக் கார்களும் கடலோரச் சாலையை அடைத்துக்கொள்ளும். எங்கள் நான்கு நாள் திட்டம் வார நாள்களிலேயே முடிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாதவிலக்கு நாளில் ஓட்டக் கூடாது என்பதில்லை. நாப்கின் நனைந்து உரசுவதுதான் தொல்லை. பழக்கம் இருந்தால் மென்சுரல் கப் இதற்கு மிகவும் வசதி. பழக்கம் இல்லாதவர்கள் பயணத்தில் முதல்முறை முயல வேண்டாம், இரண்டு மாதம் முன்பே வீட்டில் பழகிக்கொள்ளுங்கள்.

கேள்வி: இப்போது தினம் 10 கி.மீ. ஓட்டுகிறேன். எட்டு வாரத்தில் தயாராக முடியுமா? (வாசகர், பாபநாசம்)

பதில்: முடியும். வார நாள்களில் மூன்று தடவை ஒரு மணி நேரம், ஞாயிறுதோறும் ஒரு நீண்ட ஓட்டம். அந்த நீண்ட ஓட்டத்தை 30-ல் தொடங்கி வாரம் 10 கி.மீ. கூட்டி, ஆறாம் வாரம் 80-க்குக் கொண்டுவாருங்கள். நான்காம் வாரம் மட்டும் கூட்டாமல் குறைத்து ஓட்டுங்கள், உடம்பு சரிக்கட்ட அந்த ஓய்வு வேண்டும். அடுத்த வாரம் விட்ட இடத்திலிருந்து 20 கூட்டிக்கொள்ளலாம். ஆறாம் வாரத்தில் சனி 80, ஞாயிறு 60 என்று அடுத்தடுத்த நாளில் முழுச் சுமையோடு ஓட்டுவதுதான் உண்மையான பரீட்சை. புண், வலி, தளர்ந்த கேரியர் போல்ட் எல்லாம் அந்த இரண்டாம் நாளில்தான் தலைகாட்டும். கடைசி வாரம் வெறும் கால் ஆட்டல் போதும்.

கேள்வி: நண்பர்களிடம் நிதி திரட்டுகிறேன். பயணச் செலவை அதில் கழித்துக்கொள்ளலாமா? பணத்தை என் கணக்கில் வாங்கலாமா? (வாசகர், அரியலூர்)

பதில்: இரண்டுமே வேண்டாம். லாட்ஜ், சாப்பாடு, டியூப் எல்லாம் உங்கள் கைச்செலவு. அதை நன்கொடை கேட்கும் செய்தியிலேயே ஒரு வரியாக எழுதிவிடுங்கள்: “என் பயணச் செலவு என்னுடையது, உங்கள் பணம் முழுவதும் அறக்கட்டளைக்கு.” இந்த ஒரு வரிக்காகவே கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

பணம் நேராக அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்குப் போகட்டும். கொடுத்தவர் பெயரிலேயே ரசீது வரும், வரிச்சலுகையும் அவருக்கே கிடைக்கும். உங்கள் கணக்கில் வாங்கி மொத்தமாகக் கட்டினால் ரசீது உங்கள் பெயரில் வந்துவிடும். 80ஜி என்று பழக்கத்தில் சொல்லும் சலுகைக்கு 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தது கணக்கில் வராது. புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு இந்தச் சலுகையே இல்லை. “வரி மிச்சமாகும்” என்று எல்லாரிடமும் சொல்லிவிடாதீர்கள். கேட்பதற்கு முன் அறக்கட்டளையின் பதிவு எண்ணையும் கடைசி ஆண்டின் தணிக்கை அறிக்கையையும் வாங்கிப் பாருங்கள். தரத் தயங்குகிற இடத்துக்கு நீங்கள் வசூலிக்க வேண்டியதில்லை.

கேள்வி: சிங்கப்பூரில் அண்ணன் இருக்கிறார், அங்கேயே குடியுரிமை வாங்கிவிட்டார். அவர் பணம் அனுப்பலாமா? (வாசகி, திருச்சி)

பதில்: இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. உங்கள் அண்ணன் வெளிநாட்டுக் குடிமகன், வெளிநாட்டுக் குடிமக்களாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும் அப்படித்தான். அவருடைய பணத்தை, எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற அறக்கட்டளை மட்டுமே, அதுவும் அதற்கென டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் வைத்திருக்கும் கணக்கில்தான் பெற முடியும். உங்களுக்கு அனுப்பி நீங்கள் மாற்றிக் கட்டுவது குறுக்குவழி, அறக்கட்டளையையே சிக்கலில் மாட்டிவிடும். முதலில் அவர்களிடம் அந்தப் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள்.

கேள்வி: கூட்டத்தில் ஓட்டிப் பழக்கமில்லை. ஓட்ட நாளில் எதைக் கவனிக்க வேண்டும்? (வாசகர், கடலூர்)

பதில்: முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் உங்கள் முன்சக்கரத்தைச் சொருகாதீர்கள். அவர் சற்று ஒதுங்கினாலும் விழுவது நீங்கள்தான். பழகும் வரை ஒரு சைக்கிள் நீளம் இடைவெளி விடுங்கள். குழியைக் கண்டால் கையால் காட்டி, வாய்விட்டும் சொல்லுங்கள். நிற்பதென்றால் முதலில் குரல், பிறகு இடப்பக்கம் ஒதுங்கல், அப்புறம்தான் பிரேக். சனிக்கிழமை பைகளையும் கேரியரையும் கழற்றிவிட்டு 5 கி.மீ. ஓட்டிப் பாருங்கள். நான்கு நாள் சுமையோடு ஓட்டிய கைக்கு வெறும் சைக்கிள் துள்ளும். செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள், டயரில் கண்ணாடிச் சில்லு இருக்கிறதா என்று பாருங்கள். புது டயர், புது சீட், புது ஷூ எதையும் அன்று போடாதீர்கள்.

கேள்வி: திரும்பி வரும்போது சைக்கிளை ரயிலில் போட முடியுமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: முடியும். உங்கள் பயணச்சீட்டைக் காட்டி, நீங்கள் போகும் அதே ரயிலில் லக்கேஜாகப் பதியலாம். வண்டி கிளம்ப 3 மணி நேரம் முன்பே பார்சல் ஆபீசில் நில்லுங்கள். அடையாள அட்டையின் நகல் ஒன்று கையில் இருக்கட்டும். மணி, விளக்கு, பாட்டில், பம்ப், கருவிப்பை எல்லாவற்றையும் கழற்றி உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். ஹேண்டிலைப் பக்கவாட்டில் திருப்பி, பெடலைக் கழற்றி, பின்னால் கியர் மாற்றும் பகுதியை அட்டையால் மூடிச் சாக்கு சுற்றித் தையுங்கள். அந்தப் பகுதி வளைந்துவிட்டால் கியர் சரியாக விழவே விழாது. பெயர், போன் எண், ஏறும் நிலையம், இறங்கும் நிலையம் நான்கையும் அழியாத மையில் எழுதி இரண்டு இடத்தில் கட்டுங்கள்.

வண்டி 2 நிமிடம் மட்டும் நிற்கும் நிலையத்துக்குப் பதியாதீர்கள். இறக்குவதற்குள் வண்டி நகர்ந்தால் சைக்கிள் அடுத்த ஊருக்குப் போய்விடும். தஞ்சாவூரிலேயே முடியும் உழவன் எக்ஸ்பிரஸ் மாதிரி வண்டியாகப் பார்த்துப் பதிந்தால் அந்தக் கவலை இல்லை. இறங்கியதும் ரசீதைக் காட்டி வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு ஓட்டும் முன் ஹேண்டில் நட்டை இறுக்கி, இரு பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள்.